சும்மா நிற்கும் ஆர்கான்

நம் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஸ்பேனர் ஒன்று கிடக்கிறதே, அதன் கதையை உங்களுக்கு இதுவரை சொன்னதில்லை. பசங்களா, போன வாரம் உங்கள் அக்கா வேதியியல் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். ஆர்கான் என்றால் கிரேக்க மொழியில் சோம்பேறியாம். எதனோடும் சேராத வாயு என்பதால் அந்தப் பெயராம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சோம்பேறிதான் நமக்குச் சோறு போடுகிறது. காட்டுப்பள்ளியில் கப்பல் வேலை செய்யும் இடத்தில் எனக்கு ஆர்கான் வெல்டிங். உருகும் இரும்பைச் சுற்றி அது சும்மா நிற்கும், காற்றை அண்டவிடாது. அவ்வளவுதான் அதன் வேலை.

அங்கே ஒரு மாமு இருந்தார். நாங்கள் வெல்டிங் செய்யக் கப்பலின் இரும்புத் தொட்டிக்குள் இறங்கினால், அவர் மேலே தொட்டி வாயருகே காவல் உட்கார்ந்திருப்பார். அடிக்கடி ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவன் திருப்பி இரண்டு தட்ட வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும்.

"இன்னா மாமு, குந்திகினே சம்பளமா?"

"நீ தட்றா நைனா. அது கேட்டாத்தான் எனுக்கு சோறு எறங்கும்."

ஒருநாள் தொட்டிக்குள் ஆர்கான் குழாயை மூடாமலே சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்ததும், காற்றை அளக்கும் மீட்டரை எடுத்துவர மாமு போனார். விட்டுவந்த கண்ணாடியை எடுக்கத்தானே என்று, இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு நான் இறங்கிவிட்டேன். அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. காற்றைவிடக் கனம். மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தொட்டியின் அடியில் நிறைந்திருந்தது. மாமு திரும்பி வந்துவிட்டார் போல, மேலே இரண்டு தட்டு கேட்டது. பதிலுக்குத் தட்டக் கை எழவில்லை.

மீதியைப் பிறகு மற்றவர்கள்தான் சொன்னார்கள். பதில் வராததும் இரண்டு பேர் உள்ளே குதிக்க ஓடிவந்தார்களாம். மாமு தொட்டி வாயை மறித்து நின்றுகொண்டாராம்.

"எறங்குனா நீயும் பொணம்டா! கயித்த இழு!"

அவர் நகராமல் நின்றதால் இன்று மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. அன்று சாயந்திரம் அந்த ஸ்பேனரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு அவரை நான் கேலி செய்ததே இல்லை.

இப்போது அவர் ராயபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். அக்கா படித்ததைப் போனில் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என் பேரத்தான் அதுக்கு வெச்சிகிறாங்களா? நல்லா கீதுடா!"

பிறகு போனில் விரலால் இரண்டு தட்டு. நான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டினேன்.

"ம்" என்றார். "இப்ப போய் சாப்புடு."