கொப்பில் காய்த்த ஏலக்காய்

எண்பதுகளில் போடியில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையின் பேனா நண்பர்கள் பகுதியில் கிடைத்தவள் மல்லிகா. போடிமெட்டில் ஏலக்காய் எடுக்கும் கூலி வேலை என்று எழுதியிருந்தாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் இரண்டு வருடம் அவளுக்கு எழுதினேன்.

ஒருநாள் ஜாக்கெட் தைக்க வந்த பேச்சியிடம் அவள் கடிதத்தைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். பேச்சி தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுப்பவள். ‘கொப்பை வளைத்துக் காய் பறித்தேன்’ என்ற வரியில் சிரித்துவிட்டாள்.

“எக்கா, ஏலக்காய் கொப்புலயா காய்க்குது? தூர்ல குத்தவச்சுல்ல எடுக்கணும்! இவ ஒருநா கூட காட்டுக்குள்ள போனவ இல்ல.”

மறுநாளே பேச்சியோடு ஜீப்பில் போனேன். மல்லிகாவின் முகவரியில் ஒரு டீக்கடை இருந்தது. கீழே சமவெளியிலிருந்து வந்து கடை போட்டிருந்த மீசைக்காரன்தான் மல்லிகா.

“சும்மா வெளாட்டுக்கு எழுதுனேன். இதுக்குப் போயி மலையேறி வந்திருக்கீகளே!” என்றான், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

விளையாட்டாம்! அவன் மல்லிகா இல்லை, சரி. நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே!

கல்லாவுக்கு அடியில் கிடந்த என் கடிதக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் படித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கப் போன என்னை, பிள்ளையில்லாதவள் என்று விலகி நிற்கச் சொன்னதை ஒரு கடிதத்தில் அழுதுகொண்டே எழுதியிருந்தேன்.

அதில்தான் டீக்கறை அதிகம்.