மட்ரிட்டுக்கு அனுப்பப்பட்ட இனேஸ்

பீலிக்ஸுக்கு நாற்பத்தெட்டு வயது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் கடற்கரையான மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். கூடத்தில் அவர் ஒருவர்தான் ஆண். படுக்கை விரிப்புகளை அழுத்திக் கொடுக்கும் பெரிய உருளை இயந்திரத்துக்கு ஒரு ஆம்பிளை வேண்டும் என்று முன்பிருந்த மேலாளர் நினைத்திருக்கிறார். அந்த இயந்திரத்தைப் பெண்கள் இவரை விட நன்றாக ஓட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

காலை முறையில் தமிழர் மூன்று பேர். பீலிக்ஸ், ஐம்பத்தைந்து வயதுக் குகனேஸ்வரி, இருபத்தாறு வயது நிரோசினி. இயந்திரத்தின் இந்தப் பக்கம் பீலிக்ஸ் ஈர விரிப்பைக் கொடுக்க, அந்தப் பக்கம் பெண்கள் இருவரும் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பார்கள். ஏழு மணித்தியாலம் இதேதான். கதை இல்லாவிட்டால் விசர் பிடித்துவிடும்.

கதையைக் கொண்டுவந்தவர் பீலிக்ஸ். இளம் வயதில் கனடாவுக்குப் புறப்பட்ட அவரை ஏஜென்ட் ஸ்பெயினுக்குச் சொந்தமான லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, இரண்டு கிழமையில் வாறன் என்று சொல்லிவிட்டுப் போனான். பீலிக்ஸ் ஆறு வருடம் காத்திருந்தார். மீன் குளிரூட்டும் களஞ்சியத்தில் வேலை செய்து ஸ்பானிஷ் பேசப் பழகினார். பிறகு பலெர்மோவுக்கு வந்த இடத்தில் அந்தப் பாஷை ஒரு சதத்துக்கும் உதவவில்லை, அந்த நாடகம் வரும் வரைக்கும்.

நாடகம் ஸ்பெயின் நாட்டுத் தொலைக்காட்சியினுடையது, மாலையில் ஒரு மணித்தியாலம். காடிஸ் நகரத்தில் நாலு தோழிகள் சேர்ந்து கார் ஓட்டப் பழக்கும் பள்ளிக்கூடம் ஒன்று நடத்துகிறார்கள். நாலு பேருக்கும் காதல் தொல்லை. ஒருத்திக்குப் புருஷன் சரியில்லை, ஒருத்திக்கு இரண்டு பேரைப் பிடிக்கிறது, ஒருத்திக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. அழுவதற்கும் கட்டிப்பிடிப்பதற்கும் இரண்டு பிரேக் வைத்த அந்தப் பழக்கும் காரைத்தான் பாவிப்பார்கள். பீலிக்ஸின் மனைவி மாலையில் உணவகமொன்றின் சமையலறைக்கு வேலைக்குப் போய்விடுவதால், இவர் தனியே சோற்றுக் கோப்பையோடும் ஃபோனோடும் உட்கார்ந்து பார்ப்பார். மறுநாள் காலை கூடத்தில் சொல்லுவார்.

சொல்லுவதில் மனுஷன் கெட்டிக்காரர். தோழிகளில் பெலேன் எந்த நிறக் கோப்பையில் கோப்பி குடித்தாள், மார்த்தா பேசும்போது தோட்டை ஏன் கழற்றினாள், ஒன்றையும் விடமாட்டார். குகனேஸ்வரிக்கு அந்த நாலு பேரும் சொந்தக்காரப் பிள்ளைகள் மாதிரி. "அவனை நம்பாதை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்," என்று விரிப்பை உதறுவாள். நிரோசினி பன்னிரண்டு வயதில் இங்கே வந்து இங்கேயே படித்தவள். கீழே ஓடும் இத்தாலிய எழுத்தோடு நாடகத்தைத் தானே பார்க்கலாம். பார்க்கமாட்டாள்.

"நீங்கள் சொன்னாத்தான் அண்ணை அது கதை," என்பாள். பீலிக்ஸ் அதற்கு வெளியே காட்டாமல் உச்சி குளிர்வார்.

தை மாதத்தில் நிரோசினிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை டெனிஸ்டன், பாரிசில் வேலை, பீலிக்ஸின் சித்தியின் மகன். நிரோசினியின் தாய் விசாரித்தபோது பீலிக்ஸ், "என்ரை தம்பி எண்டு சொல்லேல்லை, தங்கமான பெடியன்," என்றார். அந்தத் தங்கத்தைக் கடைசியாக ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு செத்த வீட்டில் பார்த்தது என்பதைச் சொல்லவில்லை. சொந்தக்காரனைப் பற்றிக் கேட்டால் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். அடுத்த நாள் நிரோசினி இயந்திரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணை, எனக்கு அந்தாளைத் தெரியாது. நீங்கள் ஓம் எண்டா நானும் ஓம்."

"ஓம் பிள்ளை," என்றார் பீலிக்ஸ். ஆவணியில் கலியாணம் என்று முடிவானது.

ஆனி மாதம் பாரிசில் இருக்கும் பீலிக்ஸின் தங்கை ஃபோன் எடுத்தாள். டெனிஸ்டன் ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் இருக்கிறான், பிள்ளையும் இருக்கிறது என்றாள். பீலிக்ஸ் டெனிஸ்டனுக்கு எடுத்தார். அவன் மறுக்கவில்லை.

"நானே அவவுக்குச் சொல்லுறன் அண்ணை. நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. ஒரு கிழமை தாங்கோ."

பீலிக்ஸ் ஒரு கிழமை கொடுத்தார். முடிந்ததும் இன்னொரு கிழமை கொடுத்தார். முதல் கிழமையைக் கொடுக்கத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. சித்தி என்ன நினைப்பா, நிரோசினியின் தாய் முகத்தில் எப்படி முழிப்பது, தன் வாயால் கட்டிய கலியாணத்தைத் தன் வாயால் எப்படிக் குலைப்பது என்று நாளைத் தள்ளினார். உண்மையைச் சொன்னால் அவருக்குப் பயம். மொண்டெல்லோ பஸ்ஸில் நிரோசினி பக்கத்தில் இருந்து கூறைச் சேலைப் படங்களைக் காட்டும்போதெல்லாம் "வடிவு பிள்ளை" என்றார்.

அந்த மாதம் பார்த்து நாடகமும் அவருக்கு எதிராகத் திரும்பியது. பெலேனுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. நாலு பேரில் அவளுடைய உயிர்த்தோழியான இனேஸ் வேறொரு ஊரில் ஒரு செருப்புக்கடையில் அந்த மாப்பிள்ளையைக் காண்கிறாள். அவன் முழங்காலில் இருந்து ஒரு சின்னப் பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிடுகிறான். பிள்ளை அவனை அப்பா என்கிறது. இனேஸ் திரும்பிவந்து பெலேனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பீலிக்ஸ் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் கூடத்தில் பெண்கள் இருவரும் காத்திருந்தார்கள். பீலிக்ஸ் வாயைத் திறந்தார். இனேஸை மட்ரிட்டுக்கு அனுப்பினார்.

"ஏன் திடீரெண்டு?" என்றாள் குகனேஸ்வரி.

"புதுச் சாரதிச் சட்டம் வந்திருக்கு அக்கா. அதைப் படிக்கப் போயிட்டாள்."

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாடகத்தில் ஒவ்வொரு நாளும் இனேஸ்தான் வந்தாள். குளியலறையில் அழுதாள், பெலேனிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். இவர் அவளை ஒவ்வொரு காட்சியிலிருந்தும் பிடுங்கி எறிந்துவிட்டு, மீதியைத் தைத்துக் கொண்டுவந்து சொன்னார். இரண்டு கிழமையில் கதை இளைத்துப் போய்விட்டது.

"அவள் இன்னும் வரேல்லையோ? என்ன கண்டறியாத படிப்பு உது?" என்று குகனேஸ்வரி சலித்தாள்.

"சோதனையிலை ஃபெயில் அக்கா. திரும்ப எழுதுறாள்."

ஆடித் தொடக்கத்தில் பெர்மெஸ்ஸோ எனும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் பீலிக்ஸுக்கு நாள் கிடைத்தது. ஒரு நாள் லீவு. கதையில்லாமல் நான் என்ன செய்யிறது என்று குகனேஸ்வரி கேட்க, நிரோசினி, "நான் பாத்து வந்து சொல்லுறன் அக்கா," என்றிருக்கிறாள். கதை பிடிபட வேண்டுமே என்று பழைய பகுதிகளிலிருந்தே பார்க்கத் தொடங்கியிருக்கிறாள்.

அடுத்த நாள் காலை பீலிக்ஸ் வந்தபோது குகனேஸ்வரி தலையைக் குனிந்தபடி துவாய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நிரோசினி இயந்திரத்தின் இவர் பக்கத்துக்கே வந்து நின்றாள்.

"இனேஸ் மட்ரிட்டுக்குப் போகேல்லை அண்ணை."

பீலிக்ஸ் ஒரு விரிப்பைக் கையில் எடுத்தார்.

"நீங்கள் ஒரு கோப்பையின்ரை நிறத்தைக் கூட விடமாட்டியள். ஒரு மனுசியை முழுசா விட்டிருக்கிறியள். இரவு முழுக்க யோசிச்சுப் பாத்தன்." அவள் குரல் உயரவில்லை. "டெனிஸ்டன்ரை பிள்ளைக்கு எத்தினை வயசு?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் பீலிக்ஸுக்கு வந்தது வெட்கம் மட்டுமில்லை, கொஞ்சம் ஆறுதலும்தான்.

"ரெண்டு. பொம்பிளைப் பிள்ளை."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அஞ்சு கிழமை."

அவள் தலையை ஆட்டினாள். "அந்தாளை எனக்குத் தெரியாது அண்ணை. உங்களைத் தெரியும்," என்றாள். பிறகு தன் பக்கத்துக்குப் போய் வேலையைத் தொடங்கினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டெனிஸ்டனுக்கு எடுத்தாள். அவன் இரண்டு தரம் கட் பண்ணினான், மூன்றாம் தரம் விளங்கப்படுத்துகிறேன் என்றான். அவள் விளக்கம் கேட்கவில்லை. பின்னேரத்துக்குள் கலியாணம் இல்லை என்றாகிவிட்டது. அவளுடைய தாய் பீலிக்ஸுக்கு எடுத்துக் கிழி கிழியென்று கிழித்தா. சித்தி எடுத்து, உன்னாலைதான் எல்லாம் என்று இன்னொரு பக்கத்தால் கிழித்தா. இரண்டையும் பீலிக்ஸ் தாங்கிக்கொண்டார். நிரோசினி ஏசாததைத்தான் தாங்க முடியவில்லை. விரிப்பு முடிஞ்சுது, வண்டிலைத் தள்ளுங்கோ என்பதற்கு மேல் அவள் ஒரு சொல் பேசவில்லை. கதையும் நின்றது.

பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள் குகனேஸ்வரி. பதின்மூன்றாம் நாள் வெடித்தாள்.

"உங்கடை சண்டை உங்களோடை. அந்தப் பிள்ளையள் என்ன பாவம் செய்தவை? பெலேனுக்கு என்ன நடந்தது? சொல்லும் தம்பி."

பீலிக்ஸ் நிரோசினியைப் பார்த்தார். அவள் மடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முந்தின நாள் மாலைதான் அந்தப் பகுதி வந்திருந்தது. பெலேனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. இனேஸை அறைகிறாள். பிறகு, அதே பகுதி முடிவதற்குள், பழக்கும் காருக்குள் அவளைக் கட்டிப்பிடித்து மன்னித்துவிடுகிறாள். அதைச் சொன்னால், நாடகத்தின் வாயால் இவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். விட்டால் திரும்பவும் அதே களவு. இயந்திரம் இரண்டு விரிப்புகளை விழுங்கும் வரை நின்றார்.

பிறகு சொன்னார். செருப்புக்கடையிலிருந்து தொடங்கி, இனேஸ் குளியலறையில் அழுதது, வாயெடுத்து நிறுத்தியது, நாளைத் தள்ளியது எல்லாவற்றையும் சொன்னார். இனேஸ் பயந்தவள் என்று சொன்னார். நாடகத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அறை விழுந்த கன்னம் இடது என்று சொன்னார். கடைசியில் கார், மழை, கட்டிப்பிடித்தது. அங்கே வந்தபோது விரிப்பைக் கோணலாகக் கொடுத்துவிட்டார். ஆனாலும் முடித்தார்.

குகனேஸ்வரி சேலைத் தலைப்பில்லாத குறைக்கு ஹோட்டல் துவாயால் கண்ணைத் துடைத்தாள். "பாத்தியே பிள்ளை, மன்னிச்சிட்டாள்," என்று நிரோசினியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

நிரோசினி மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்து, கையால் ஒருமுறை நீவிவிட்டாள். பீலிக்ஸை நேரே பார்த்தாள், பன்னிரண்டு நாளைக்குப் பிறகு முதல் தரம்.

"பெலேனுக்கு ஒரு மணித்தியாலம்தானே இருக்கு அண்ணை, அதுக்குள்ளை மன்னிக்கத்தான் வேணும்," என்றாள். "எனக்கு அவசரமில்லை."

"ஓம் பிள்ளை," என்றார் பீலிக்ஸ். அடுத்த விரிப்பைக் கொடுத்தார்.