நாலாவது படத்தில் ஒரு 'போறன்'

1. ஒரே ஆள்

மூன்றாவது படத்துக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தபோது கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். விஷயம் பிடிபட்டுவிட்டது.

நான் மரியநேசன் அண்ணையின் ஒலிப்பதிவாளர். அவர் ஊர்காவற்துறைக்காரர். சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசின வருடங்களில் இரவல் கமெராவை வைத்துக்கொண்டு தீவுகளில் கதைப்படங்கள் எடுத்தார். தூண்டில் தடியில் மைக்கைக் கட்டி நடிகர்களின் தலைக்கு மேலே பிடிப்பதுதான் என் உத்தியோகம்.

முதல் படத்தில் ஒருவன் பொழுதுபட்டால் இறங்குதுறையில் பெற்றோல்மாக்ஸ் விளக்குக் கொளுத்திவைப்பான். இரண்டாவதில் மண்கும்பான் ஊர்ப் பெண்ணொருத்தி எந்த பஸ்ஸில் ஏறினாலும் இரண்டு ரிக்கற் எடுப்பாள். மூன்றாவதில் சாட்டிக் கரையில் ஒருவன், கடலில் இறக்காத வள்ளத்துக்கு ஓயாமல் பெயின்ற் அடிப்பான். மூன்று பேருக்கும் அந்தப் பைத்தியம் தொடங்குவது ஒரே இடத்தில்தான். பிரியமான ஒருவர் "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார், வரவில்லை.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுகிறவர் "போறன்" என்று சொல்லமாட்டார். சொன்னால் திரும்பமாட்டார் என்று பயம். எல்லாரும் வாய்ப்பழக்கத்தில் சொல்கிற "வாறன்" என்ற சொல்லை அண்ணையின் படத்து ஆட்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணை, நீங்கள் ஒரே ஆளைத்தான் திருப்பித் திருப்பி எடுக்கிறியள்."

"விசர்க்கதை கதையாதையும். மூண்டும் வேற வேற கதை," என்றார். முகம் கறுத்துவிட்டது.

2. ஒரே ரேக்

நாலாவது படத்தின் கடைசிக் காட்சி குறிகட்டுவான் இறங்குதுறையில். மனைவி ஒரேயடியாகக் கணவனை விட்டு நெடுந்தீவுக்குப் போகிறாள். அவன் துறையிலேயே காத்துக் கிடக்கவேண்டும். மனைவியாக நடித்த சுகிர்தா ரீச்சர் உண்மையிலேயே நெடுந்தீவுக்காரி. அன்றைய கடைசிப் படகில் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். மறுநாள் கமெராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒரே ரேக்தான், இரண்டாம் தரம் எடுக்க வழியில்லை; பிழைத்தால் படமே இல்லை.

"ஒரேயடியாய்ப் போறவள் ஏன் அண்ணை வாறன் எண்டு சொல்லவேணும்?" என்று ரீச்சர் கேட்டார்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. எழுதினதைச் சொல்லும்."

படகு அசைந்தது. தடியை எட்டி நீட்டினேன். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே ரீச்சரின் குரல் ஹெட்போனில் துல்லியமாக விழுந்தது.

"நான் போறன்."

படம் பிழைத்துவிட்டது என்று என் விரல் ஸ்டொப் பொத்தானுக்கே போய்விட்டது. ஆனால் "கட்" சொல்ல வாய் திறந்த அண்ணை சொல்லவில்லை. கணவனாக நடித்த அன்ரன் கொஞ்ச நேரம் படகையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்ற பஸ்ஸை நோக்கி விறுவிறென்று நடந்தான்.

"அவனை விடாதையும், பிடியும், பிடியும்," என்று அண்ணை கமெராக்காரரின் தோளை உலுக்கினார். தடியோடு நானும் ஓடினேன். அப்படியொரு சந்தோஷமான ஓட்டம் நான் அதற்கு முன் ஓடியதில்லை. அன்ரன் பஸ் படியில் கால் வைத்தபோதுதான் "கட்" வந்தது.

மைக் பிடிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வசனம் பிழைத்தாலும் "கட்" வரும்வரை பொத்தானில் கை வைக்காதீர்கள்.

"உம்மை நிக்கச் சொன்னனான். ஏன் நடந்தனீர்?" என்று அண்ணை மூச்சு வாங்கக் கேட்டார்.

"போறன் எண்டு சொல்லிப்போட்டா. பிறகும் நிண்டு என்னத்தைச் செய்யிறது, அண்ணை?"

அண்ணை துறைக்கட்டில் குந்திவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மூண்டு பேரையும் நான் வீணாய்க் காக்க வைச்சிட்டன்."