தே தாரிக் நிறத்தில் ஒரு பலகை

என் வீடு கிள்ளான் பண்டமாரானில், அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில். காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினால் வேலை தொடங்க அரை மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தை அலுவலகத்துக்குக் கீழே உள்ள முஸ்லிம் உணவகத்தில், ஒரு ரொட்டி சானாயோடும், நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் டீயான ஒரு தே தாரிக்கோடும் கழிப்பேன்.

மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. சமையலறைக்குப் பின்னால் கூரை போட்ட இடத்தில் ஒரு ஸ்க்ரோல் சா வைத்திருக்கிறேன். தையல் மெஷினின் ஊசியைப் போல மேலும் கீழும் ஓடும் மெல்லிய ரம்பம் அது. பலகையைத் திருப்பத் திருப்ப இலை, கொடி, வளைவு எல்லாம் வெட்டித் தரும். வெட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. சாயம் பூசும்போதுதான் தடுமாறுவேன். டப்பாவில் தேக்கு என்று எழுதியிருக்கும். பூசிப் பார்த்தால் மரவள்ளிக்கிழங்குத் தோல் மாதிரி வரும்.

நான் செய்தவற்றின் படங்களை ஒரு நாள் உணவகத்து முதலாளி என் கைப்பேசியில் பார்த்துவிட்டார்.

“தங்கச்சி, நம்ம கடைக்கு ஒண்ணு செஞ்சு கொடுங்க லா. ஆளு உருவமெல்லாம் வேணாம். மேல ஒரு குவளை, கீழ ஒரு குவளை, நடுவுல டீ இறங்கணும். அவ்ளோதான்.”

“என்ன கலர் அண்ணே?”

“டீ கலருதான். வேற என்ன?”

சரியென்று தலையாட்டிவிட்டேன். ரப்பர் மரப் பலகையில் குவளைகள் இரண்டையும் வெட்டினேன். நடுவில் வளைந்து இறங்கும் டீ சுண்டு விரல் அகலம்கூட இல்லை. மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக ஓடும்படி பார்த்து வெட்டியதால் உடையாமல் தப்பியது. மூன்று துண்டுகளையும் வெளிர் நிறப் பலகை ஒன்றின் மேல் ஒட்டுவதாகத் திட்டம்.

பூசுவதற்கு முன், மிச்சமிருந்த அதே மரத்தில் ஆறு துண்டுகளை ஒரே மாதிரி தேய்த்து, ஆறு சாயங்களைப் பூசி, பின்பக்கம் எண் போட்டு, கடைக்கு எடுத்துப்போனேன். டீ ஆற்றுபவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். ஒவ்வொரு துண்டாக என் டீ கிளாஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது தே ஓ, கறுப்பு டீ. இது கோப்பி. இது நேத்து வச்ச டீ.” கடைசித் துண்டையும் கீழே வைத்துவிட்டு, “பால் எங்கக்கா?” என்றார்.

சாயம் மரத்துக்குள் இறங்குமே தவிர மேலே மூடாது, அதனால் பால் கலந்த நிறம் அதில் வராது என்று விளக்கினேன். காய்ந்த சாயத்தை நம்பக் கூடாது, வார்னிஷ் ஏறினால் இன்னும் கருக்கும் என்று, துண்டின் மேல் ஈர விரலைத் தடவி அந்த இடம் கருப்பதைக் காட்டினேன். ஒரு வாரம் காலைப் பசியாறல் இப்படியே போனது. பக்கத்து மேசையில் தினமும் உட்காரும் டாக்சிக்காரர், சிவப்பு அடித்த துண்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “இதுல சீனி ஜாஸ்தி போல” என்றார். கடைசியில் முதலாளியே இறங்கிவந்தார். குவளைகளுக்கு வால்நட், டீக்கு இருப்பதிலேயே வெளிறிய தேக்கு என்று முடிவானது.

அந்தச் சனிக்கிழமை சாயம் காய்ந்ததும், மேல்பூச்சுக்கு லேக்கர் ஸ்ப்ரேயை எடுத்தேன்.

“மழை வரப்போவுது. நாளைக்கு அடிச்சுக்கலாமே” என்றார் கணவர்.

அஞ்சு நிமிஷ வேலைதானே என்று அடித்துவிட்டேன். மழை கொட்டியது. ஈரக்காற்று பட்டு, மூன்று துண்டுகளும் கண்ணாடியில் ஆவி படிந்தது போல வெளுத்துப் போயின. வேலை தாமதமாகும் என்று சொல்வதற்காக முதலாளிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே குரல் செய்தி வந்தது.

“தங்கச்சி, இதான். இதான் நான் கேட்டது. எப்படிப் பால் ஊத்துனீங்க?”

கணவர் அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது கோளாறு, திட்டுத்திட்டாக இருக்கிறது, குவளைகளும் வெளுத்திருக்கின்றன என்று முதலாளியை அழைத்துச் சொன்னேன்.

“குவளைக்குப் பால் வேணாம். டீக்கு மட்டும் ஊத்துங்க.”

அவர் சொன்னதில் வழி இருந்தது. மறுநாள் நல்ல வெயிலில் குவளைகளின் மேல் லேக்கரைக் கரைக்கும் தின்னரை லேசாகத் தெளித்தேன். வெளுப்பு மறைந்து வால்நட் திரும்பி வந்தது. டீக்குப் புதிய துண்டுகள் வெட்டி, தேக்குச் சாயம் ஏற்றிக் காயவிட்டேன். பிறகு வெள்ளைப் பெயிண்டை அரிசி களைந்த தண்ணீர் பதத்துக்குக் கரைத்துப் பூசி, உடனே துணியால் துடைத்தேன். முதல் துண்டு ஹார்லிக்ஸ் ஆனது. இரண்டாவதில் பெயிண்ட் ரேகைகளில் தங்கிக் கோடு கோடாக நின்றது. மூன்றாவது சரியாக அமைந்தது. அதன் மேல் வார்னிஷ் பூசியபோது, வார்னிஷின் இலேசான மஞ்சளும் சேர்ந்து டீ முழுமையானது.

எல்லாவற்றையும் ஒட்டி, பழைய சாரோங் துணியில் சுற்றி ரயிலில் கொண்டுபோனேன். டீ ஆற்றுபவர் புதிதாக ஒரு கிளாஸ் ஆற்றி வந்து பலகைக்குப் பக்கத்தில் பிடித்தார். கிளாஸை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

“ஆடை கட்ட ஆரம்பிச்ச டீ மாதிரி இருக்கு. நல்லாருக்குக்கா.”

கல்லாவுக்கு மேலே மாட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். முதலாளி கை கழுவும் தொட்டிக்கு மேலே ஆணி அடித்து வைத்திருந்தார்.

“அண்ணே, அங்க தண்ணி தெறிக்கும்.”

“கல்லாகிட்ட யாரு தங்கச்சி செவத்தப் பாப்பா? கை கழுவ நிக்கிறப்பதான் மனுஷன் சும்மா நிப்பான்.”

பலகையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போய், பின்புறத்துக்கும் வெட்டு விளிம்புகளுக்கும் தண்ணீர் தாங்கும் வார்னிஷ் இரண்டு கை பூசினேன். இந்த முறை வானத்தைப் பார்த்துத்தான் டப்பாவைத் திறந்தேன்.

மாட்டிய அன்று மதியம் கை கழுவ வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் குழாயை மூடிவிட்டு, ஈர விரலால் அந்த டீயை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். தண்ணீர் முத்து முத்தாக நின்று, வழிந்து இறங்கியது. மரத்தில் சுவடே இல்லை. நான் கை கழுவிவிட்டு, இரண்டு மணிக் கூட்டத்துக்கு மாடி ஏறினேன்.