சேராத நண்டுகள்

மண்டபத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிய நண்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கனகலட்சுமி ஒரு கொலையைப் பார்த்தாள். ஓடு கழற்றிய பெண் நண்டு ஒன்று தொட்டியின் மூலையில் மெத்தென்று கிடந்தது. உடன் விட்டிருந்த ஆண் நண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு கொடுக்கை நீட்டி ஒரு காலைப் பிய்த்தது. அடுத்து இன்னொன்று. அவள் இரும்புக் கொக்கியைப் போட்டுப் பிரிப்பதற்குள் பெண் நண்டின் வயிறு கிழிந்து, தண்ணீர் கலங்கிவிட்டது.

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண் அவள். அப்பா மருதுபாண்டிக்கு ஊரில் நல்ல மரியாதை. ராமநாதபுரத்தில் விலங்கியல் படித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்திருந்தாள். சேற்று நண்டில் இரண்டு வகை உண்டு. பச்சை படர்ந்த பெரியது ஒன்று, கொடுக்கு சிவந்த சின்னது ஒன்று. சந்தையில் இரண்டையும் ஒரே கூடையில்தான் போடுவார்கள். இரண்டும் ஒரே சிற்றினமா, வெவ்வேறா என்று ஜோடி சேர்த்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரே வகை ஜோடியில், பெண் ஓடு கழற்றும்வரை ஆண் அதைத் தன் வயிற்றுக்கடியில் அணைத்துச் சுமக்கும். வகை மாறினால் பெரும்பாலும் பிய்ந்த கால்கள்தான் மிஞ்சும்.

அந்தக் கால்களை அவள் அள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் ஆன்டனி ராஜ் வாய் திறந்து பேசினான். தங்கச்சிமடத்துக்காரன். பண்ணைக்கு உயிர் நண்டு கொண்டுவந்து போடுபவன்.

"ரெண்டும் நண்டுதான மேடம். ஏன் சேர மாட்டேங்குது?"

"ஒரு காலத்துல ஒண்ணாத்தான் இருந்திருக்கும். நடுவுல ஒரு தடுப்பு விழுந்துருச்சுன்னு வைங்க." அவள் பாம்பன் பக்கம் கை காட்டினாள். "கடல் இறங்கிக் கெடந்த காலத்துல இங்கனயிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். வடக்குக் கடல் வேற, தெற்குக் கடல் வேறன்னு ஆகியிருக்கும். அந்தப் பக்கம் மாட்டுனதுக்கு வேற சேறு, வேற எதிரி. தலைமுறை தலைமுறையா ரெண்டு பக்கமும் கொஞ்சங்கொஞ்சமா மாறும். பெறகு கடல் ஏறி, திரும்பச் சந்திச்சா ஒண்ணோட வாசனை இன்னொண்ணுக்குப் புரியாது. பருவம் ஒத்துவராது. தப்பித் தவறிச் சேந்தாலும் முட்டை பொரிக்காது, பொரிச்சாலும் குஞ்சு மலடாப் போகலாம். இந்த ரெண்டும் எங்கன பிரிஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்படித்தான் பல உசிரு பிரிஞ்சிருக்கு."

"அப்ப அது பொண்ணுன்னே ஆம்பளைக்குத் தெரியல."

"தெரியல. இரைன்னு நெனைக்குது."

அவன் தொட்டியையே வெகுநேரம் பார்த்தான். மறுநாள், நண்டுச் சாக்கை இறக்கிய பிறகும் போகாமல் அவளோடு பேசிக்கொண்டு நின்றான். அதற்கடுத்த வருசம் ராமநாதபுரத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள்.

சேதி ஊருக்குப் போன அன்றே, வளர்த்த லட்சணம் சரியில்லை என்று மருதுபாண்டி தன் மனைவி ராக்குவை மாட்டுச் சாட்டையால் முதுகு கிழிய அடித்தார். தங்கச்சிமடத்திலும் வரவேற்பு இல்லை. ஆன்டனியின் தாய் யாகப்பம்மாள் சோற்றுப் பானையை முற்றத்தில் போட்டு உடைத்தாள். "கடக்கரையில ஒனக்குப் பொண்ணே கெடைக்கலயா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இருவரும் மண்டபத்தில் ஒரு வாடகை அறை பிடித்தார்கள்.

கனகலட்சுமிக்கு வயிறு லேசாகத் தெரியத் தொடங்கியிருந்த சமயம். உச்சிவெயில். ஆன்டனி சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பண்ணை வாசலில் பைக் ஒன்று நின்றது. அவளுடைய அண்ணன் காளீஸ்வரனும் பங்காளி தவசியும் இறங்கினார்கள். காளீஸ்வரன் சட்டைக்குப் பின்னாலிருந்து அருவாளை உருவி வீசினான். ஆன்டனி இடது கையைத் தூக்கித் தடுத்தான். முன்கை பாதி அறுந்து தொங்கியது. அடுத்த வெட்டு தோளில் இறங்கியது. அவன் நண்டுச் சாக்கின் மேலேயே சரிந்தான்.

ஓடிவந்த கனகலட்சுமியின் கூந்தலைத் தவசி பிடித்துச் சுவரோடு மோதினான். நெற்றி உடைந்து கண்ணில் ரத்தம் வழிந்தது.

"வேற இனத்துல போயிக் கலந்து நம்ம ரத்தத்தக் கெடுக்குறியா?" என்றான் காளீஸ்வரன்.

"இனம்னா என்னான்னு எனக்குத் தெரியும்ணே. வேற இனமா இருந்தா இது என் வயித்துல தங்கியே இருக்காது."

அந்தச் சொல்தான் அவனை வெறி கொள்ள வைத்தது. அருவாள் அவள் வயிற்றை நோக்கித் திரும்பியது. தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்திருந்த கொக்கி அவள் கைக்கு எட்டியது. அவன் தொடையில் குத்தி, தன் பக்கம் இழுத்தாள். சதை பிளந்தது. அவன் அலறிக்கொண்டு முழங்கால் போட்டான். அருவாள் கீழே விழுந்தது. அவள் கொக்கியை உருவி அதே இடத்தில் மறுபடியும் இறக்கினாள். அவிழ்ந்த சாக்கிலிருந்து வெளியேறிய நண்டுகள் ஈரத் தரையில் ரத்தத்தை மிதித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடின. வேலையாட்கள் கத்திக்கொண்டு வர, தவசி பைக்கை விட்டுவிட்டு ஓடினான்.

ஆன்டனியை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தான். இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் குழாயில் நகக்கண்ணில் உறைந்த ரத்தத்தைத் தேய்த்துக் கழுவும்போது கனகலட்சுமிக்குப் பயமாக இருந்தது. அண்ணன் வெட்ட வந்ததை நினைத்து அல்ல. அருவாள் விழுந்த பிறகு, இரண்டாவது முறை குத்தும்போது, தனக்குக் கொஞ்சமும் தயக்கம் வரவில்லை என்பதை நினைத்து.

தப்பி ஓடிய தவசியும் பிடிபட்டான்; இருவர் மீதும் வழக்கு நடந்தது. ராக்கு ஒருநாள் மண்டபத்துக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"கண்ணு சரியாத் தெரியல, யாருன்னு பாக்கலன்னு சொல்லிரு. ஒங்கூடப் பெறந்தவன்டி."

"என் வயித்துல வெட்ட வந்தப்ப அவனுக்கு அது தெரியலையேம்மா."

"அப்ப எங்கள அத்து விட்டுட்டியா?"

"நான் அத்து விடலம்மா. உள்ள வந்து தண்ணி குடி."

ராக்கு குடிக்காமல் போனாள்.

பெண் குழந்தை பிறந்தது. யாகப்பம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டி, தன் மாமியார் பெயரான ரெஜினாவையே வைத்தாள். உடைத்த பானையைப் பற்றி அவளும் கனகலட்சுமியும் பேசிக்கொள்ளவில்லை.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் வளைத்து வளைத்துக் கேட்டார். "நீங்க விலங்கியல் படிச்சவங்க. இயற்கையிலயே ஒண்ணோட ஒண்ணு கலக்காத இனங்கள் உண்டுதான?"

"உண்டு சார். கலந்தாலும் வாரிசு நிலைக்காது. மனுசங்க அப்படியில்ல, எல்லாரும் ஒரே சிற்றினம். என் மக வெளிய அவ அப்பத்தாகிட்ட இருக்கா, வேணும்னா பாருங்க." பிறகு கூண்டிலிருந்த இருவரையும் கை நீட்டிக் காட்டினாள். "வெட்டுனது அவரு. என் தலையச் சுவத்துல மோதுனது இவரு."

இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. தீர்ப்புக்குப் பிறகு ராக்கு வராந்தாவில் பாய்ந்து வந்து மகளைக் கன்னத்தில் அறைந்தாள். உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தாள். கனகலட்சுமி கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை, இடுப்பில் பிள்ளையோடு நின்ற யாகப்பம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை பயப்படுது. கைய எறக்கு."

ராக்கு அப்போதுதான் குழந்தையைப் பார்த்தாள். அது உதட்டைப் பிதுக்கி அழத் தயாராக இருந்தது. அவள் கை தானாகத் தாழ்ந்தது. குழந்தையின் காலைத் தொடப் போனாள்.

"ஏ ராக்கு, வாரியா இல்லையா?" மருதுபாண்டி வாசலிலிருந்து அதட்டினார்.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஆர்.எஸ்.மங்கலம் வண்டியில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள். எதிரே மண்டபம் வண்டிக்காகக் கனகலட்சுமி, உதட்டைச் சேலையால் ஒற்றிக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பும்வரை ராக்கு இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.