தட்டில் நான்கு பொட்டு

எங்கள் பையனுக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த விஜயதசமி காலையில் நேரம் குறித்திருந்தது. பரமத்தி வேலூரிலிருந்து திருச்செங்கோட்டு மலைக்கு, வெற்றிலை ஏற்றும் எங்கள் பிக்கப் வேனில்தான் போக வேண்டும். வழியில் பஞ்சரானால்? நேரம் தப்பினால்? எனக்கு இதே நினைப்பு.

முந்தின நாள் ஆயுத பூஜை. வேன் சக்கரங்களின் நட்டுகளுக்குப் பொட்டு வைப்பது என் வேலை. சக்கரத்துக்கு ஐந்து நட்டு, ஐந்து பொட்டு. என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்திருந்த ஸ்டெப்னியையும் விட்டுவிடக் கூடாதே என்று, அதன் ஐந்து துளைகளுக்கும் பக்கத்தில் வைத்தேன். வைக்கும்போதே சந்தேகம். இந்த வட்டம் கொஞ்சம் பெரிதோ?

"ஏனுங்க, இது நம்ம வண்டியில உக்காருமுங்களா?"

"அங்க அஞ்சு போல்ட்டு, இங்க அஞ்சு ஓட்டை. படிச்ச புள்ளைக்கு எண்ணத் தெரியாதா?"

பூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஜாக்கியும் ஸ்பேனரும் சாமி முன்னால் பொட்டோடு படுத்திருந்தன. மறுநாள் காலைவரை தொடக் கூடாது, வண்டியையும் நகர்த்தக் கூடாது. மாமியார் காவல்.

சக்கரத்தின் நடுக்குடம் இடிக்காமல் ஒரு வாழையிலையை நடுவில் கிழித்து, வேன் சக்கரத்தின் ஈரப் பொட்டுகள் மேல் ஒற்றினேன்.

"ஏஞ்சாமி, சக்கரத்துக்கு எலை போட்டாச்சு. சோறு எப்பப் போடுவே?" என்றார் மாமியார்.

இலையை ஸ்டெப்னி மேல் வைத்தேன். ஒரு பொட்டு துளையில் விழுந்தது, மற்றவை இரும்பில். ஒற்றியது கோணலோ என்று இன்னொரு இலையில் ஒற்றினேன். மறுபடியும் இரும்பு. எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதாது, ஐந்தும் நிற்கிற வட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. இவரும் குனிந்து பார்த்தார். ஸ்டெப்னியை மாற்றிவர நாமக்கல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இலை பஸ்ஸில் கிழிந்துவிடும் என்று, பூஜைத் தட்டில் குங்குமத்தைக் குழைத்து இலையில் இருந்த அதே வட்டத்தில் ஐந்து பொட்டு வைத்துக் கொடுத்தேன். ஸ்டெப்னி பஸ் கூரையில், தட்டு இவர் மடியில்.

சாயங்காலம் வேறு ஸ்டெப்னியோடு வந்தார். தட்டில் நான்கு பொட்டுதான் இருந்தது.

"பக்கத்து சீட்டு அம்மிணி ஒண்ணத் தொட்டு நெத்தியில வெச்சுக்கிச்சு. வேண்டாமுன்னு எப்படிச் சொல்றது? கடைக்காரரு வேற, தட்டப் பாத்துட்டு, 'பொண்ணு கேட்டு வந்தீங்களா'ங்கறாரு!"

மீதி நான்கை வைத்து நூல் பிடித்து அளந்து கொடுத்தாராம். ஐந்தாவதுக்கு நிற்க வேறு இடமில்லைதான். இருந்தாலும் பழைய இலையை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. இலை வாடினால் சுருங்குமோ?

மறுநாள் திருச்செங்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. குழந்தையை இறுக்கிக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். ஸ்டெப்னி ஐந்து போல்ட்டிலும் சொன்ன பேச்சுக் கேட்டு உட்கார்ந்தது. என் அண்ணன் மலைமேல் பொறுமையிழந்து நின்றிருந்தான், ஆனால் நேரம் தப்பவில்லை.

தட்டைக் கழுவ எனக்குத் தைரியம் வரவில்லை. வீடு திரும்பும்வரை இருக்கட்டும் என்று அப்படியே கொண்டுபோயிருந்தேன். தேங்காய் பழத்தை எடுத்த அர்ச்சகர் குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா, நாலு பொட்டு, ஒரு பக்கம் காலி?"

"எங்க ஊட்டு வழக்கமுங்க," என்றார் மாமியார், கண் சிமிட்டாமல்.

பிறகு பிறந்த எங்கள் பெண்ணுக்குக் காது குத்தியபோது மாமியாரே தட்டில் வட்டமாக ஐந்து பொட்டு வைத்தார். என்னைக் கூப்பிட்டு, "ஒண்ண அழிச்சுரு கண்ணு," என்றார்.