கால் துடைக்கும் வேலை

கீழச்சிவல்பட்டி டீக்கடையில் என் நாய் கறுப்பியைக் கட்டிப்போட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கிறேன். நாயோடு ஏறியதற்காக இரண்டு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். வேலையும் தங்க இடமும் கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாகக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். வளைவு தாண்டியும் அவள் குரைப்பது கேட்கிறது.

மானகிரியில் ஒரு பழைய செட்டியார் வீடு பெரிய ஹோட்டலாகியிருக்கிறது. சென்னைக் காரிலிருந்து ஒரு வெள்ளை நாய் இறங்குகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை மிதிக்குமுன் அதன் நான்கு கால்களையும் வாட்ச்மேன் ஈரத்துண்டால் துடைக்கிறார்.

"இங்க நாயும் தங்கலாமாண்ணே?"

"ஏசி ரூம்லயே தங்கலாம். தனி மெத்த உண்டு."

"நான் வேலைக்குச் சேந்தா, என் நாயக் கூட்டியாரலாமா?"

அவர் சிரிக்கிறார். "வேலக்காரன் நாயக் கேட்டுக்குள்ள விடமாட்டாக தம்பி. நம்மளே பின்வாசல் வழியாத்தான் வாரோம்! எனக்குக் குனிய முடியல. இந்தக் கால் தொடைக்கிற வேலையப் பாக்குறியா?"

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்கிறேன். வெளியே உலாவிவிட்டு வெள்ளை நாய் வாசலில் வந்து நிற்கிறது. துண்டோடு குனிகிறேன். அது காலைத் தராமல், கறுப்பி தலைவைத்துத் தூங்கும் என் லுங்கியையே வெகுநேரம் முகர்ந்துகொண்டிருக்கிறது.